திரைக்குப் பின்பக்கம்

என் ஆயாவைப் பொறுத்தவரை சிவாஜி கணேசன் இடது கைக்காரர். கர்ணனாக வந்து வாரிக் கொடுத்ததும் இடது கையால்தான், கட்டபொம்மனாக வாளை உருவியதும் இடது கையால்தான். ஆயாவுக்கு மட்டுமா, முகத்துவாரக்குப்பத்துப் பெண்கள் எல்லாருக்குமே அப்படித்தான். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடிந்த இரவில் திரை கட்டிப் படம் போடுவார்கள். மணலில் இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு, வெள்ளைத் துணியின் நான்கு மூலைகளையும் வலைக்கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். தெருப்பக்கம் புரொஜக்டர்; அங்கே ஆண்கள். கடல் பக்கம், அதாவது திரைக்குப் பின்பக்கம், பெண்களும் பிள்ளைகளும். துணியில் விழுந்த வெளிச்சம் ஊடுருவி எங்கள் பக்கமும் படம் தெரியும், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறி. டைட்டில் எழுத்தெல்லாம் திரும்பி நிற்கும். எழுத்தே தெரியாத ஆயாவுக்கு அது எந்தப் பக்கம் பார்த்து நின்றால் என்ன?

நான் ஏங்குவது அந்தப் பின்பக்கத்துக்குத்தான். அம்பத்தூருக்குக் குடிவந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எண்ணூருக்கு வண்டியில் கிளம்பினால் ஒரு மணி, நெரிசல் இருந்தால் ஒன்றரை மணி நேரம். ஊர் தூரத்தில் இல்லை. அந்தத் திரையின் பின்பக்கம்தான் எட்டாத தூரத்தில் இருக்கிறது.

முகத்துவாரக்குப்பம் என்ற பெயரிலேயே அதன் இடம் இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற வாய் அது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல். கடல் காத்து திரையைப் புடைக்க வைக்கும், ஆற்றுப் பக்கக் காத்து உள்ளே இழுக்கும். திருவிளையாடலில் சிவபெருமான் நிற்கும்போது அவர் மார்பு ஏறி இறங்கும். சாமி மூச்சு விடுகிறது என்றுதான் நாங்கள் நம்பினோம். பின்னாளில் எத்தனையோ தியேட்டர்களில் அதே படத்தைப் பார்த்துவிட்டேன். அங்கெல்லாம் சாமி மூச்சு விடவில்லை.

இருந்தது ஒரே புரொஜக்டர், பதினாறு எம்.எம். ஒரு ரீல் முடிந்தால் பல்பைப் போட்டு, சுற்றிய ரீலை எடுத்து, அடுத்ததை மாட்டவேண்டும். அந்தச் சில நிமிடங்கள் ஆயாவுக்குச் சொந்தம். தெருப்பக்கம் ஆண்கள் பீடி பற்றவைக்கும் நேரத்தில், பின்பக்கம் ஆயா அடுத்த ரீலைச் சொல்லி முடித்துவிடுவாள். அவள் முன்னாடி பார்த்த படமாக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. கதைதான் அவளுக்குத் தெரியுமே. "தோ, இப்ப கெய்வன் வேசத்துல ஒர்த்தன் வருவான் பாரு. அவன கெய்வன்னு நெனச்சிக்காத கண்ணு. அவன்தான் முருகன்." ரீல் ஓட ஆரம்பிக்கும். கிழவன் வருவான். எங்களுக்கு உடம்பு சிலிர்க்கும். முடிவு முன்கூட்டித் தெரிந்துவிட்டால் படம் கெட்டுப்போகும் என்று இப்போது என் மகள் சொல்கிறாள். எங்களுக்கு முடிவு தெரிந்ததால்தான் படமே இருந்தது. 'என்ன நடக்கும்' என்று யாரும் அங்கே வந்து குந்தவில்லை. 'எப்படி நடக்கும்' என்று பார்க்கத்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள்.

இந்தக் கதைகளை ஆயா எங்கே பிடித்தாள்? திருவொற்றியூரில். அன்னக்கூடையில் மீன் எடுத்துக்கொண்டு தினமும் போவாள். மீன் விற்று முடிந்த பிறகு தியாகராஜ சுவாமி கோயிலில் பிரசங்கம் நடக்கிற நாள் என்றால் வெளியிலேயே குந்திவிடுவாள். கூடையில் கவுச்சி வாடை இருந்ததால் உள்ளே போகமாட்டாள். ஒலிபெருக்கி வழியாகக் காதில் விழுந்ததுதான் அவளுடைய புராணப் படிப்பு. சுந்தரர் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்த கதையை, பக்கத்துத் தெருவில் நடந்த கல்யாணத்தைச் சொல்கிற மாதிரி சொல்வாள். டி.எம். சௌந்தரராஜன் நடித்த 'பட்டினத்தார்' 1962-இல் வந்தது. அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அவர் நம்ம ஒத்தியூர்ல கடலாண்டதான் அடங்கினார்" என்பாள். பேய்க்கரும்பு இனித்த இடம் அதுதான் என்பாள். பட்டினத்தாரின் சமாதி அங்கே கடற்கரைப் பக்கம் இன்றும் இருக்கிறது. புராணம் நடந்த ஊருக்குப் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துப் போய்வந்தவள் அவள்.

ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' வந்தது 1965-இல். ஊரெல்லாம் தருமியாக நாகேஷையும், ஹேமநாத பாகவதராக டி.எஸ். பாலையாவையும் பற்றித்தான் பேசும். எங்கள் குப்பத்துக்கு அந்தப் படத்தில் ஒரே கதைதான் முக்கியம்: வலை வீசிய கதை. பாட்டும் பாகவதரும் வரும்போது தூங்கிவிட்ட பிள்ளைகளை அந்த இடம் வந்தால் உலுக்கி எழுப்பிவிடுவார்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ள கதை அது. சிவன் வேதப்பொருளைச் சொல்லும்போது கவனம் சிதறிய பார்வதி, பரதவர் மகளாய்ப் பிறக்கும்படி சாபம் பெறுகிறாள். கடலைக் கலக்கித் தொல்லை கொடுக்கும் பெரிய சுறாவைப் பிடித்து வருபவனுக்கே பெண் என்று அவளை வளர்த்த தலைவன் சொல்கிறான். கைலாசத்துச் சாமி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு செம்படவனாக வந்து சுறாவைப் பிடித்துப் பெண்ணைக் கட்டுகிறது.

எங்கள் தொழில்காரர்களுக்கு அந்தக் காட்சியில் குறை சொல்ல நிறைய இருந்தது. தெருப்பக்கத்திலிருந்து நைனாவின் குரல் கேட்கும்: "கடல் மணல்ல எவன்டா இப்டி நெஞ்ச நிமித்தினு நடப்பான்? கால் பொதையும்டா." இன்னொருவர் வலையைப் பிடித்த பிடியைச் சரியில்லை என்பார். பின்பக்கத்திலிருந்து ஆயா பதில் கொடுப்பாள்: "அவரு இன்னா நேத்து வலை புடிச்சவரா? கைலாசத்துலேந்து இப்பதான் எறங்கி வந்துகீறாரு." துணிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வாக்குவாதம் நடக்கும், நடுவில் சிவாஜி நடந்துகொண்டிருப்பார். சுறா மாட்டும்போது மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கூவும். அப்புறம் ஆயா மெதுவாகச் சொல்வாள்: "அந்தச் சுறா யாரு தெரியுமா? நந்தி. அதுவும் சாபத்தாலதான் சுறாவாப் போய்ச்சு. அய்யா வந்து புடிச்சதும் பொழச்சிக்கிச்சு." அந்தப் படம் போட்ட வாரம் முழுக்க ஆயா சுறா விற்கமாட்டாள். வீட்டில் சுறாப் புட்டும் கிடையாது.

அந்தக் காலத்தில் இதன் அருமை எனக்கு விளங்கவில்லை. இப்போது யோசித்தால் விளங்குகிறது. 1964 தீபாவளிக்கு எம்.ஜி.ஆர். 'படகோட்டி'யில் மீனவராக வந்தார். அடுத்த வருடமே சிவாஜி சிவபெருமானாக வந்து மீனவரானார். அடுத்தடுத்த வருடங்களில் தமிழ்நாட்டின் இரண்டு பெரிய நடிகர்கள் எங்கள் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டு திரையில் நின்றிருக்கிறார்கள். குப்பத்தில் பாதிக்கு மேல் எம்.ஜி.ஆர். ஆட்கள். ஆனால் எம்.ஜி.ஆர். எங்களைக் காப்பாற்ற வந்தவர். சிவன் எங்களிடம் பெண் எடுக்க வந்தவர். ஆயா அவரைச் சாமி என்று சொன்னதைவிட, 'நம்ம மாப்ள' என்று சொன்னதுதான் அதிகம்.

இந்த உறவுமுறை ஆயா கண்டுபிடித்தது இல்லை. காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் மாசி மகத்துக்குக் கடலாட வரும் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாளை, அங்குள்ள மீனவர்கள் 'மாப்பிள்ளை, மாப்பிள்ளை' என்று கூவித்தான் தோளில் சுமக்கிறார்கள். பத்மினி என்ற மீனவப் பெண்ணை அவர் மணந்ததாக அங்கே வழங்கும் கதை. வடக்கே எண்ணூரில் சிவன் மாப்பிள்ளை, தெற்கே பெருமாள் மாப்பிள்ளை. கடற்கரை நெடுக சாமிக்குப் பெண் கொடுத்த சனங்கள் நாங்கள். சினிமாக்காரர்கள் அந்தக் கதையைப் படமாக்கியபோது எங்கள் கல்யாணத்தை எங்களுக்கே போட்டுக் காட்டினார்கள். அதில் வராத கூட்டம் வேறு எதில் வரும்?

பணக்கார வீட்டுப் பையன் ஏழை மாதிரி வேஷம் போட்டு ஏழைப் பெண்ணைக் காதலிக்கிறான். கிழவனாக வேஷம் கட்டி வந்து அவளைச் சீண்டுகிறான், அண்ணன்மார் அடிக்க வருகிறார்கள், கடைசியில் உண்மை தெரிந்து கல்யாணம். எத்தனை நூறு தமிழ்ப் படங்கள்! எல்லாமே தினைப்புனத்து வள்ளியைத் தேடி வேடனாகவும் கிழவனாகவும் வந்த முருகன் கதைதான். ஏவி.எம்மின் 'ஸ்ரீ வள்ளி' 1945-இல் டி.ஆர். மகாலிங்கத்தை வைத்து அதை நேராகவே சொன்னது. பிறகு வந்தவர்கள் வேலை எடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளைக் கொடுத்தார்கள். தெற்கே முதன்முதலில் எடுத்த கதைப்படமே பாரதக் கதைதான். ஆர். நடராஜ முதலியார் புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஸ்டுடியோ வைத்து, 1917, 18 வாக்கில் 'கீசக வதம்' எடுத்தார். ஊமைப் படம். பெண்ணைத் தொந்தரவு செய்யும் வில்லன், அவள் இடத்தில் காத்திருந்து அவனை அடித்துக் கொல்லும் வீரன். நூறு வருடமாக நம் படங்களில் அந்த வில்லன் செத்துக்கொண்டேதான் இருக்கிறான். அந்த முதல் படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை. சத்தமே இல்லாத அந்தப் படத்தை, எழுத்தும் படிக்கத் தெரியாத சனங்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரமமே இல்லை. ஒவ்வொரு கொட்டகையிலும் ஓர் ஆயா குந்தியிருந்திருப்பாள்.

கர்ணனைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போகமுடியாது. தாத்தா இறந்து கருமாதிக்கு 'கர்ண மோட்சம்' கூத்து வைத்தார்கள். எங்கள் தொண்டை நாட்டுப் பக்கம் சாவு வீட்டுக் கூத்து என்றால் அதுதான். எனக்கு அப்போது எட்டு வயது. விடிய விடிய ஆடினார்கள். மரத்தில் செய்த புஜக்கட்டையும் கிரீடமும் கட்டி, அரிதாரம் பூசிய கர்ணன், போருக்குப் போகும்முன் பொன்னுருவியிடம் விடை கேட்கிற இடம் வந்தது. முகவீணை அழுதது. என் பக்கத்தில் ஆயா அழவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் கர்ணன் அம்பு பட்டுக் கிடக்க, கிருஷ்ணன் பிராமணனாக வந்து அவன் செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்கிறான். கர்ணன் கொடுத்துவிடுகிறான். அப்போதுதான் ஆயா தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கூவினாள்.

பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' 1964 பொங்கலுக்கு வந்தது. அதிலும் அந்தக் காட்சி உண்டு, என்.டி. ராமராவ் கிருஷ்ணனாக. வியாச பாரதத்தில் இந்தப் புண்ணிய தானம் கிடையாது. வில்லிபுத்தூராரின் தமிழ்ப் பாரதத்தில் இருக்கிறது. அதிலிருந்தும் கூத்திலிருந்தும்தான் அது நம் ரத்தத்தில் ஏறியது. படத்தில் கர்ணனின் மனைவிக்குச் சுபாங்கி என்று பெயர், தேவிகா நடித்தார். எங்கள் பின்பக்கத்துப் பெண்கள் யாரும் அந்தப் பெயரை ஏற்கவில்லை. தேவிகா வந்தாலே, "தோ பொன்னுருவி வந்துட்டா" என்பார்கள். படம் சொன்னதைத் திருத்தும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

அந்தப் படத்தில் கர்ணன் கொடுக்கும் இடமெல்லாம் எங்கள் பக்கம் இடது கையாகத்தான் தெரியும். நான் ஒருதடவை கேட்டுவிட்டேன். "ஆயா, இடது கையால குடுக்கலாமா? நீ என்னைத் திட்றியே." ஆயா யோசிக்கவேயில்லை. கர்ணன் எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்கார்ந்திருந்தானாம். இடது கையில் ரத்தினக் கிண்ணம். அப்போது ஒருவர் வந்து கிண்ணத்தைக் கேட்டாராம். கர்ணன் இடது கையிலிருந்தே எடுத்து நீட்டிவிட்டான். ஏன் வலது கைக்கு மாற்றிக் கொடுக்கவில்லை என்று கேட்டதற்கு, மாற்றுகிற நேரத்துக்குள் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது என்றானாம். "அதான் கண்ணு. குடுக்கறவன் கை மாத்தமாட்டான்." நாட்டுப்புறத்தில் எல்லாரும் சொல்கிற கதைதான் இது. ஆனால் திரும்பித் தெரிந்த ஒரு படத்தை அந்தக் கதையால் நேராக்கியது என் ஆயா ஒருத்திதான்.

2012 மார்ச்சில் 'கர்ணன்' டிஜிட்டலாகப் புதுப்பித்து மறுபடி வெளியானது. நூறு நாளைத் தாண்டி ஓடியது. டிவியில் துண்டு துண்டாகப் பார்த்திருந்தேனே தவிர, பெரிய திரையில் முன்பக்கமிருந்து முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒலி அருமையாக இருந்தது. நிறம் அருமையாக இருந்தது. கர்ணன் வலது கையால் கொடுத்தான். எனக்கு ஒவ்வொரு முறையும் திடுக்கென்று இருந்தது. யாரோ வேறு ஆள் கொடுப்பதுபோல. பக்கத்து இருக்கையில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். அவர் எந்தக் குப்பத்து ஆளோ, எந்தக் கிராமத்து ஆளோ. அவரிடம் ரத்தினக் கிண்ணத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று தவித்தேன். பேசவில்லை.

1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமாயணம் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில், டிவி இருந்த ஒரு வீட்டில் குப்பமே கூடும். இந்தி. ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் ஆயா கதவோரம் குந்திக்கொண்டு வரிக்கு வரி சொல்லிக்கொண்டு வந்தாள், அந்த மொழி அவளுக்குத் தாய்மொழி என்பதுபோல. "மந்தரை வந்துட்டா, இனிமே அந்தக் குடும்பம் அவ்ளோதான்" என்பாள். அந்த வீட்டுக்காரம்மா ஒலியைக் குறைத்துவைத்து ஆயாவைக் கேட்டார். தொடர் எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. எங்கள் குப்பத்தில் அவர்களுடைய ராமாயணத்துக்குக் குரல் கொடுத்தது ஒரு மீன்காரக் கிழவி. ஆனால் டிவிக்குப் பின்பக்கம் கிடையாது. அதற்குப் பிறகுதான் திரை கட்டும் இரவுகள் குறைந்தன என்று எனக்கு ஞாபகம். 

'தளபதி' 1991 தீபாவளிக்கு வந்தது. ஆயாவைத் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். முதல் காட்சி. சின்னப் பெண் ஒருத்தி பெற்ற குழந்தையைக் கூட்ஸ் ரயிலில் போடுகிறாள். ஒரு வசனம்கூட இல்லை. ஆயா கைதட்டி, அத்தனை பேர் நடுவிலும் சொன்னாள்: "குந்திடா இவ! ஆத்துல வுடறதுக்குப் பதிலா ரயில்ல வுட்றா!" முன் வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, "அப்ப இவன் கர்ணனா, ஆயா?" என்று கேட்டார். மம்மூட்டி வந்ததும் அவரே, "துரியோதனன் வந்துட்டான்" என்றார். அப்புறம் அந்த வரிசை முழுக்கவே அர்ஜுனன் யார், சகுனி யார் என்று பேசிக்கொண்டே பார்த்தது. படம் முடிந்தபோது துரியோதனன் செத்துப்போனான், கர்ணன் பிழைத்துக்கொண்டான். ஆயா வீடு வரைக்கும் பேசவில்லை. கதையை மாற்றிவிட்டார்கள் என்று கோபம்போல என்று நினைத்தேன். படுக்கும்போது சொன்னாள்: "ஒரு தபாவாவது பொழச்சானே. நல்லாருக்கட்டும்." எத்தனை கூத்தில், எத்தனை படத்தில் அவன் சாவைப் பார்த்தவள்!

1994-இல் ஆயா போய்ச் சேர்ந்தாள். அந்த வருடம்தான் ஆற்றுக்கு அக்கரையில் வடசென்னை அனல்மின் நிலையம் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தது. இக்கரையில் 1970 முதலே எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடிக்கொண்டிருந்தது, 2017-இல்தான் மூடினார்கள். 2001-இல் துறைமுகம் வந்தது. சாம்பல் படிந்து ஆறு மேடேறியது. ஆயா இளவயதில் ஆற்றில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவித் தடவி இறால் பிடித்ததாகச் சொல்வாள். நான் தலையெடுத்தபோது அந்த இடங்களில் முழங்கால் வரை சாம்பல் சேறு. இறால் குறையக் குறைய, நைனா என்னைக் கடலுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வேலை. அப்படித்தான் நான் ஊரைவிட்டு வந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி ஆறு முழுக்கக் கறுத்தபோது போய்ப் பார்த்தேன். படகை எதைக்கொண்டு துடைத்தாலும் எண்ணெய் போகவில்லை என்று என் மச்சான் அழுதான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

தியேட்டர்களும் போயின. 1967-இல் திறந்த தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-இல் மூடப்பட்டது. முனிவர் பெயரில் ஒரு தியேட்டர். 1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' வெளியான கினிமா சென்ட்ரலும் பின்னால் முருகன் டாக்கீஸ்தான். 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்ட பிராட்வே டாக்கீஸும் எங்கள் வடசென்னைதான். கதை பார்க்கப் போகிற கொட்டகைக்கும் அந்தக் கதையிலிருந்தே பெயர் எடுத்து வைத்த ஊர் இது.

புராணம் படங்களை விட்டுப் போய்விட்டது என்று நான் சொல்லவரவில்லை. 2018-இல் பா. ரஞ்சித் 'காலா'வில் ராமாயணத்தைத் திருப்பிப்போட்டார். பத்துத் தலை ராவணன் நிலத்தைக் காக்கிறவனாக நின்றான். கதை எல்லாருக்கும் தெரியும் என்ற துணிச்சல் இல்லாமல் அப்படித் திருப்ப முடியாது. அதே வருடம் வெற்றிமாறனின் 'வடசென்னை'. எங்கள் மாதிரிக் குப்பம், எங்கள் மாதிரிப் பேச்சு. புருஷனைக் கொன்றவர்களைப் பழிவாங்க, கொன்றவர்களில் ஒருவனையே கட்டிக்கொண்டு வருடக்கணக்காகக் காத்திருக்கிறாள் சந்திரா. எனக்கு உடனே படுகளம்தான் நினைவுக்கு வந்தது. மண்ணால் பிரமாண்டமாகச் செய்து கிடத்திய துரியோதனன் தொடையை பீமன் அடித்து உடைக்கிறவரை, விரித்த கூந்தலை முடியாமல் காத்திருக்கும் பாஞ்சாலி. ஆயா இருந்திருந்தால் முதல் அரைமணியிலேயே சொல்லியிருப்பாள்: "இவ கூந்தல முடிய இன்னும் நேரம் கீது, பாரு." சொல்ல ஆள் இல்லாமல் நானாகச் சொல்லிக்கொண்டேன்.

2024-இல் 'கல்கி 2898 ஏடி' பார்க்க மகளைக் கூட்டிப்போனேன். மால் தியேட்டர். குருக்ஷேத்திரம் வந்தது, கிருஷ்ணன் சபித்தான், அமிதாப் பச்சன் அசுவத்தாமனாக எழுந்து நின்றார். பிரமாண்டம்தான், குறை சொல்லமாட்டேன். "அப்பா, அசுவத்தாமன் யாருப்பா?" என்று மகள் காதோரம் கேட்டாள். எனக்குள் ஆயா எழுந்து உட்கார்ந்தாள். துரோணர் மகன் அவன், பதினெட்டாம் நாள் ராத்திரி தூங்குகிற பிள்ளைகளை வெட்டியவன், அதனால்தான் சாவே வராத சாபம் என்று ஆரம்பித்தேன். நெற்றியிலிருந்த மணியைப் பிடுங்கிய இடத்துக்கு வருமுன்பே முன் வரிசையிலிருந்து ஒரு பெண் திரும்பி, உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். மரியாதையாகத்தான் காட்டினாள். நான் நிறுத்திவிட்டேன். இடைவேளையில் மகள் கைபேசியில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டாள். எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

அந்த மண்டபம் நிறைய ஆட்கள். ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு பாட்டி சொன்ன துண்டு ஏதாவது இருந்திருக்கும். அத்தனை துண்டும் அன்றைக்கு இருட்டில் வாய் பொத்தி உட்கார்ந்திருந்தது. எங்கள் மணலில் அதெல்லாம் சத்தமாக இருந்தது.

போன ஆடிக்குக் குப்பத்துக்குப் போயிருந்தேன். கூழ் ஊற்றினார்கள். ராத்திரி எல்.இ.டி. திரை வைத்திருந்தார்கள், வாடகைக்கு எடுத்தது, லாரியில் வந்தது. ஆணும் பெண்ணும் ஒன்றாக முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. பழைய படத் துண்டுகளாகப் போட்டார்கள். சிவாஜி வலையோடு வந்தபோது பையன்கள் விசிலடித்தார்கள். காத்து நன்றாக வீசியது, திரை அசையவில்லை.

பழக்கத்தில் கால் தானாகக் கடல் பக்கம் போனது. திரைக்குப் பின்னால் இரும்புச் சட்டம், ஒயர்கள், ஜெனரேட்டர் சத்தம். கறுப்பு. ஒன்றும் தெரியாது. அங்கே மணலில் பாய் போட்டு இரண்டு கிழவிகள் குந்தியிருந்தார்கள். ஒருத்தியை எனக்குத் தெரியும், அம்மாவின் கூட்டாளி. மற்றவள் கண் ஆபரேஷன் பண்ணி பச்சைத் துணி கட்டியிருந்தாள்.

"பெரிமா, இங்க இன்னா தெரியுது? முன்னாடி வந்து குந்துங்க."

"முன்னாடி வெளிச்சம் குத்துதுடா. எங்களுக்கு இதான் எடம்."

பின்னால் திரும்பி, விட்ட இடத்திலிருந்து அவள் மற்றவளுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். ஒலிபெருக்கியில் அலைச்சத்தம் கேட்டது. அவள் குரல் அதற்கு அரை வார்த்தை முன்னால் போனது. "தோ, படகு கவுந்துச்சு. பொண்ணுங்க அலறுதுங்க. இப்ப வருவாரு பாரு, நம்ம மாப்ள..."

நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.